மூன்று முறை எச்சரித்த பிறகே

பிப்ரவரி 9

அன்பு அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? ஆஸ்பத்திரி இருட்டறை மருந்து பட்டு உன் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்ததே, ஆறிவிட்டதா? கையுறை போடச் சொன்னால் எக்ஸ்ரே பிலிம் வழுக்கும் என்பாய். உன்னோடு பேசி ஜெயிக்க முடியாது.

ஒரு சேதி. வானொலியில் என்னைக் காலைச் செய்தியிலிருந்து மாலை ஏழு மணிச் செய்திக்கு மாற்றியிருக்கிறார்கள். நாடு முழுக்கக் கேட்கிற அறிக்கை. பத்து வருஷமாகப் பால்காரர்களுக்கும் தூக்கம் வராத கிழவர்களுக்கும் வாசித்தேன். இனி எல்லோருக்கும்.

அறை சின்னதுதான். ஒரு மேஜை, ஒரு மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். தொண்டையைச் செருமினால் வெளியே கேட்காமலிருக்க மேஜைக்கு அடியில் ஒரு பொத்தான். சிவப்பு விளக்கு எரிந்தால் மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும். செய்தி ஆசிரியரை அவர் இல்லாதபோது எல்லோரும் ‘பென்சில்’ என்கிறார்கள். எப்போதும் காதில் ஒன்று செருகியிருப்பார். அவர் ஒரு கோடு இழுத்தால் அமைச்சரே காணாமல் போவார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை அமைச்சர் யாரும் காணாமல் போனதில்லை.

ரயில் பணிமனையை மூடப்போகிறார்கள், அத்தானும் மற்றவர்களும் பன்னிரண்டு நாளாக வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இங்கே அதைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. பென்சிலிடம் கேட்டேன். “பேச்சுவார்த்தை நடக்குதும்மா, முடிஞ்சதும் சொல்லலாம்” என்றார்.

அத்தானைத் தலையில் துணி போட்டுக்கொண்டு உட்காரச் சொல்.

உன் சின்னவள்


பிப்ரவரி 17

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

இங்கே இருவரும் நலம். விரல் ஆறவில்லை, ஆனால் வலிக்கவும் இல்லை. ஏழு மணிச் செய்தியைச் சாக்கு வைத்து மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குத் தள்ளாதே. உன் வயிறு எனக்குத் தெரியும்.

உன் சேதியை அத்தான் பணிமனை வாசலில் தம்பட்டம் அடித்துவிட்டார். அன்றைக்கே யாரோ ஒரு ரேடியோவைக் கொண்டுவந்து கேட் கம்பியில் கட்டிவிட்டார்கள். நானும் டியூட்டி முடிந்து போயிருந்தேன். நாலாயிரம் பேர். லேத்காரர்கள், தச்சர்கள், பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். உன் குரல் வந்ததும் அத்தான் “எங்க வீட்டுப் பொண்ணு” என்றார். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு அமைச்சர் பாலம் திறந்தார். இன்னொருவர் மரம் நட்டார். பிறகு கால்பந்து, வானிலை. அவ்வளவுதான். ரேடியோவை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை, இன்னும் ஏதோ பாக்கி இருப்பது போல.

நேற்றுத்தான் முதல் முறையாக எங்களைப் பற்றிச் சொன்னாய். ‘சில நூறு ஊழியர்கள்’ என்றாய். “உன் தங்கச்சி சின்ன வயசுலேர்ந்தே கணக்குல வீக்” என்று அத்தான் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. “அந்தப் பொண்ணு என்ன பண்ணும், எழுதிக் கொடுத்தவனுக்குத்தான் எண்ண வரலை” என்றார்.

ஒருநாள் நாலாயிரம் என்று சொல்லேன். யாராவது வந்து எண்ணிப் பார்த்தால் போதும்.

அக்கா


பிப்ரவரி 26

அன்பு அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பாடு இரண்டரை மணிக்குள் ஆகிவிடுகிறது, உன் மேல் ஆணை. அத்தான் இருமுகிறார் என்று முன்பு எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா?

கோபித்துக்கொள்ளாதே, நான் வாசிப்பவள், எழுதுபவள் இல்லை. மேஜைக்கு வருகிற தாளில் ‘சில நூறு’ என்று இருந்தால் அதைத்தான் வாசிக்க முடியும். ஆனாலும் கேட்டேன். “அது போலீஸ் கொடுத்த நம்பர். வேற நம்பர் யார் கொடுத்தா?” என்றார் பென்சில். யாரும் கொடுக்கவில்லை, உண்மைதான். ஏனென்றால் யாரிடமும் கேட்கவில்லை.

நேயர் கடிதக் கட்டை எடுத்து என் முன்னால் போட்டார். பாதிப்பேர் எங்களை அரசாங்கத்தின் ஊதுகுழல் என்கிறார்கள். மீதிப்பேர், வேலைநிறுத்தக்காரர்களுக்கு ஏன் இத்தனை இடம் என்று திட்டுகிறார்கள். “ரெண்டு பக்கமும் திட்டுறாங்கன்னா நாம நடுவுல இருக்கோம்னு அர்த்தம்” என்றார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான், திட்டுகிறவர்களை எண்ணத் தெரிந்தவர்களுக்கு உட்கார்ந்திருக்கிறவர்களை எண்ணத் தெரியவில்லையே என்று தோன்றியது.

ஆனால் என் கேள்வி வீண்போகவில்லை. அடுத்த வாரம் நிருபர் ஒருவரை டேப் ரெக்கார்டருடன் உங்கள் ஊருக்கு அனுப்புகிறார்கள். நல்ல மனிதர், கொஞ்சம் செவிடு, அதனால் எல்லோரையும் இரண்டு தரம் சொல்ல வைப்பார். அத்தானைப் பேசச் சொல்.

உன் சின்னவள்


மார்ச் 8

அக்கா,

முந்தாநாளிலிருந்து உங்கள் ஊருக்கு டெலிபோன் கிடைக்கவில்லை. ரயிலும் உங்கள் ஸ்டேஷனில் நிற்பதில்லையாம். லீவு கேட்டேன், இந்த வாரம் யாருக்கும் லீவு இல்லை என்றுவிட்டார்கள். இதை ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்புகிறேன், அங்கே தபால் நிற்காது என்று நம்பி.

பணிமனை வாசலில் போலீஸ் சுட்டு ஐந்து பேர் இறந்த செய்தியை நான்தான் வாசித்தேன். கேட்டிருப்பாய். காயம்பட்டவர்களின் பெயர் எங்களுக்கு வருவதில்லை, எண்ணிக்கை மட்டும்தான் வரும்.

அத்தான் எங்கே இருக்கிறார்? நீ எங்கே இருந்தாய்? ஒரு வரி போதும். ‘நலம்’ என்று மட்டும் எழுதி அனுப்பு.

சின்னவள்


மார்ச் 20

சின்னவளுக்கு,

நலம்.

உடனே பதில் போட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். பத்து நாள் வீட்டுக்கே போகவில்லை. உடை மாற்றிக்கொள்ள ஒருமுறை போனதோடு சரி. உன் அத்தான் இப்போது வெளியே எங்கும் போவதில்லை. இருமல் நின்றுவிட்டது.

நீ வாசித்ததைக் கேட்டேன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே காவலாளி ரேடியோ வைத்திருந்தார். நான் இருட்டறையில் பிலிம் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் உன் குரல் தெளிவாக உள்ளே வந்தது. ‘ஒலிபெருக்கி மூலம் மூன்று முறை எச்சரித்த பிறகே காவல்துறையினர் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர்’ என்றாய். உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை.

நீ வர வேண்டாம். இங்கே தங்க வசதிப்படாது.

அக்கா


ஏப்ரல் 2

அன்பு அக்கா,

‘நலம்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே. அத்தான் வெளியே போகாமல் இருப்பதே நல்லது. வழக்கு, கைது என்று அங்கே இழுத்துக்கொண்டிருக்கிறார்களாமே.

எனக்கு நிலையத்துக்குப் பின்னாலேயே குடியிருப்பு ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு அறை, நல்ல வெளிச்சம். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. நான் நடுவில் ஒருமுறை நின்றுதான் ஏறுகிறேன். அத்தான் வந்தால் இரண்டிரண்டு படியாகத் தாண்டி எனக்கு முன்னால் போய் நின்று கேலி செய்வார். லீவு கிடைத்ததும் இருவரும் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போங்கள். மொட்டை மாடியிலிருந்து ரயில் தண்டவாளம் தெரியும், அவருக்குப் பொழுது போகும்.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நெருக்கடியான நாளில் குரல் தடுமாறாமல் வாசித்தேனாம். மேஜை மேல் என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உங்கள் ஊருக்கு வந்த நிருபரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். விடைபெறக்கூட வரவில்லை.

நீ அன்றைக்கு வாசல் பக்கம் போயிருந்தாயா? எதுவும் காதில் விழுந்ததா?

சின்னவள்


ஏப்ரல் 18

சின்னவளுக்கு,

அழைத்ததற்குச் சந்தோஷம். மூன்றாம் மாடி எங்களுக்கு இப்போது ஒத்துவராது.

கேட்டாய், சொல்கிறேன். நான் வாசலில் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். பகல் ஒரு மணிக்கு முதல் ஆளைக் கதவுப் பலகை ஒன்றில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ராத்திரி எட்டு மணிக்குள் முப்பத்தொரு பிலிம். ஒவ்வொன்றோடும் டாக்டர் எழுதிய ஒரு சீட்டு வரும். எந்த இடத்தைப் படம் எடுக்க வேண்டும், குண்டு எங்கே நுழைந்தது என்று அதில் இருக்கும். இருபத்திரண்டு சீட்டில் ‘நுழைந்த இடம்: பின்புறம்’ என்று இருந்தது. நான் எண்ணினேன். எனக்கு எண்ண வரும். எச்சரித்த பிறகும் எதிர்த்து வருகிறவனுக்கு முதுகில் எப்படிக் காயம் வரும் என்று யோசித்துக்கொண்டே கழுவினேன். இருபத்தேழாவது பிலிமை மட்டும் நான் கழுவவில்லை. அதை வேறொருவர் செய்தார்.

வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். ஒலிபெருக்கிச் சத்தமே வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் கலைந்துகொண்டிருந்தபோது சுட்டார்கள்.

ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணை ஆணையம் போட்டிருப்பதை நீயே வாசித்தாய். எச்சரித்தார்களா இல்லையா என்பதுதான் அங்கே முழுக்கேள்வியும். எங்கள் வழக்கறிஞர் சொல்கிறார், வாசலில் இருந்த நாலாயிரம் பேரின் வாக்குமூலத்தையும் ‘கட்சி சார்ந்தது’ என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியும், நிருபரின் டேப்பைத் தள்ள முடியாது என்று. அவர் ரெக்கார்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சம்பவம் முழுக்க அங்கேதான் நின்றார். பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்த டேப் அங்கே இருக்கிறதா? நீ அதைக் கேட்டாயா? வேறு எதுவும் எழுத வேண்டாம். இந்த இரண்டுக்கும் பதில் எழுது.

அக்கா


ஜூன் 1

சின்னவளுக்கு,

ஆறு வாரமாகிவிட்டது. என் கடிதம் வந்து சேரவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. தினமும் ஏழு மணிக்கு உன் குரல் வருகிறது. அதனால் நலமாக இருக்கிறாய் என்று தெரிகிறது.

ஆணையம் டேப்பை அனுப்பச் சொல்லி எழுதியதாம். அறுபது நாளானால் டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்துவது விதிமுறை, அதன்படி அது அழிக்கப்பட்டுவிட்டது என்று உங்கள் நிலையம் பதில் போட்டிருக்கிறது.

இனி நீ பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா


ஜூன் 14

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

டேப்பை நான் கேட்டேன்.

மார்ச் ஆறாம் தேதி மாலை ஆறு இருபதுக்கு. நிருபர் அதை வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். நானும் பென்சிலும் ஒலிப்பதிவாளரும் எடிட்டிங் அறையில் நின்றுகொண்டே கேட்டோம். பதினொரு நிமிடம். முதலில் சாதாரணக் கூட்டத்தின் இரைச்சல். யாரோ தட்டைக் கழுவுகிற சத்தம். ஒரு பெண் “தண்ணிப் பானை யார்கிட்ட இருக்கு?” என்று கேட்கிறாள். “இந்தா வருது” என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் முதல் வெடி. நிருபர் “என்னது, என்னது?” என்று இரண்டு தரம் கேட்கிறார். அவருக்குக் காது மந்தம் என்று எழுதினேனே. அதன் பிறகு ஓட்டம், அலறல். எச்சரிக்கை எங்கேயும் இல்லை.

அமைச்சகத்திலிருந்து வந்த தாளில் ‘மூன்று முறை’ என்று இருந்தது. நான் பென்சிலைப் பார்த்தேன். அவர் டேப்பைப் பார்த்தார். “ஒலிபெருக்கி தூரத்துல இருந்திருக்கலாம். இதுல விழாம போயிருக்கலாம்” என்றார். தண்ணீர்ப் பானைப் பேச்சு டேப்பில் விழுந்திருக்கிறது, ஒலிபெருக்கி விழவில்லையாம். எனக்குத் தோன்றியது, ஆனால் சொல்லவில்லை. மணி ஆறு ஐம்பது. உள்ளே போய் உட்கார்ந்தேன். விளக்கு எரிந்தது. வாசித்தேன்.

இதற்கு மேல் எழுதப்போவதுதான் நான் இத்தனை வாரம் எழுதாமலிருந்த காரணம்.

உன் கடிதம் வந்தது ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி. அன்றே டேப் அறைக்குப் போனேன். அலமாரியில் இருந்தது. நாற்பத்தேழாவது நாள். கையில் எடுத்துப் பார்த்தேன். அங்கே ஒரு பதிவேடு இருக்கிறது. யாருக்காவது ஒரு டேப் தேவைப்பட்டால், ‘அழிக்க வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் யாராலும் தொட முடியாது. எனக்கும் அந்த உரிமை உண்டு. பேனாவைத் திறந்துவிட்டேன். கையெழுத்துப் போட்டால் நாளைக் காலை பென்சிலின் மேஜைக்குப் போகும், மத்தியானம் இயக்குநருக்குப் போகும் என்று நினைத்தேன். நிருபரை மாற்றியதை நினைத்தேன். இந்த வீட்டை நினைத்தேன், ஆமாம், அதையும்தான். இன்னும் பதிமூன்று நாள் இருக்கிறதே, நாளைக்கு வரலாம் என்று டேப்பை வைத்துவிட்டு வந்தேன். மறுநாளும் அப்படியே. மே ஏழாம் தேதி போனபோது அதே உறைமேல் வேறு பெயர் ஒட்டியிருந்தது. அதில் இப்போது சிறுவர் நிகழ்ச்சி இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன். இது சமாதானம் இல்லை, நடந்தது இதுதான். அந்த நாட்களில் உன் மார்ச் மாதக் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ‘நலம்’ என்று இருந்தது. நம் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தானுக்கு ஒரு சிராய்ப்பு என்று தெரிந்திருந்தால்கூட அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சின்னவள்


ஜூலை 3

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

இருபத்தேழாவது பிலிம் உன் அத்தானுடையது. இடது தொடை. எலும்பு கண்ணாடிச் சில்லு மாதிரி இருந்தது என்று அதைக் கழுவியவர் பிறகு சொன்னார். மூன்று நாள் பார்த்துவிட்டு, ஒன்பதாம் தேதி முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வார்டில் அவர் கட்டிலுக்கு ஒரு போலீஸ்காரர் காவல் இருந்தார், ஓடிப்போய்விடாமல் இருக்க. கலவரம் செய்ததாக அவர் மேல் வழக்கும் இருக்கிறது. நூற்று நாற்பது பேரில் ஒருவர். நான் பத்து நாள் வீட்டுக்குப் போகாதது அதனால்தான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். முதலில் கோபம். அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே கொண்டுவந்து, இருட்டறையிலிருந்து என்னைக் கூப்பிட்டபோதும் நீ வெளியே ரேடியோவில் வாசித்துக்கொண்டிருந்தாய். அவருக்கு நினைவு இருந்தது. “உன் தங்கச்சி” என்றார்.

கோபம் ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. அதன் பிறகும் சொல்லாததற்குக் காரணம் வேறு. சொன்னால் ஓடி வந்திருப்பாய், உன் அத்தானுக்காக எதையும் செய்திருப்பாய். அது எனக்குத் தெரியும். செத்துப்போன ஐந்து பேரில் யாரும் உனக்குச் சொந்தம் இல்லை. அவர்களுக்காக வாயைத் திறப்பாயா என்று பார்க்க நினைத்தேன். உன்னை வளர்த்தவள் நான், எனக்கு அந்த உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இல்லை. நான் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த டேப் இன்று இருக்கும். உன் பேனாவை மூட வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. இதை உன் அத்தானிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆணையம் இந்த மாதக் கடைசியில் தலைநகரில் உட்காருகிறது. போ என்றும் சொல்லமாட்டேன், போகாதே என்றும் சொல்லமாட்டேன். புண் ஆறாததால் நாங்கள் வர முடியாது.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்பு அக்கா,

அத்தானுக்குப் புண் எப்படி இருக்கிறது? அவரிடம் என்ன எழுதச் சொல்வது என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. அவர் கேட்கமாட்டேன் என்றால் விட்டுவிடு.

உன் கடிதம் வந்த அன்றே ஆணையத்துக்கு எழுதினேன். ஜூலை இருபத்தொன்பதாம் தேதி கூப்பிட்டார்கள். பழைய கோர்ட் கட்டடத்தில் ஒரு ஹால். மின்விசிறிச் சத்தத்தில் நீதிபதிக்கு எதுவும் கேட்காததால் அதை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் வேர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டதை நிமிடம் நிமிடமாகச் சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டார். பிறகு அரசு வழக்கறிஞர் எழுந்தார். அவர் டேப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“காயம்பட்டவங்க பட்டியல்ல உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?”

“அக்கா வீட்டுக்காரர் இருக்கார்.”

“அவருக்குக் கால் போன விஷயம் உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“ஜூலைல.”

“அதுக்கு முன்னாடி நாலு மாசம் இந்த டேப் பத்தி எந்த அதிகாரிகிட்டயாவது வாயத் திறந்தீங்களா?”

“இல்லை.”

“ஆணையத்துக்கு எப்ப எழுதுனீங்க?”

“ஜூலைல.”

அதற்குப் பிறகு அவர் டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார். அடுத்து, மார்ச் ஆறாம் தேதி ஏழு மணிச் செய்தியைப் போட்டுக்காட்ட அனுமதி கேட்டார். அந்த டேப் இருக்கிறது, அக்கா. நாங்கள் வாசிப்பதை அழிப்பதில்லை, அது நிரந்தரமாக வைக்க வேண்டியது. ஹாலில் என் குரல் வந்தது. ‘மூன்று முறை எச்சரித்த பிறகே.’ நானே கேட்டாலும் நம்பியிருப்பேன். அவ்வளவு நிதானம்.

“இது யார் குரல்?”

“என்னோடது.”

“அப்பப் பொய் சொன்னீங்களா, இப்பச் சொல்றீங்களா?”

“அப்ப.”

“யாராவது மிரட்டுனாங்களா?”

“இல்லை. தாள் வந்துச்சு, வாசிச்சேன்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். நிருபரும் வந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் “என்ன?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, ஞாபகம் இல்லை என்றார். பென்சில் வரவில்லை, உடம்பு சரியில்லை என்று டாக்டர் சீட்டு அனுப்பியிருந்தார்.

அன்று மாலை ஏழு மணிச் செய்தியை, காலைச் செய்தி வாசிக்கும் பெண் வாசித்தாள். ‘முன்னுக்குப்பின் முரணாக ஒருவர் சாட்சியம் அளித்தார்’ என்றாள். என் பெயர் இல்லை. அவள் குரல் லேசாக நடுங்கியது. இன்னும் பழக்கம் இல்லை அவளுக்கு. என்னைப் பணிநீக்கம் செய்த கடிதம் மறுநாள் வந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டுச் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் இருக்கிறேன். பார்வையற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடம் வாசித்துக்காட்ட ஆள் வேண்டுமாம், போகிறேன்.

உன் சின்னவள்


நவம்பர் 20

சின்னவளுக்கு,

போன கார்டில் இருமல் என்று எழுதியிருந்தாயே, குறைந்ததா? பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடி. அவர்கள் காத்திருப்பார்கள்.

உன் ஆகஸ்ட் கடிதத்தை அத்தான் கேட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, “‘அப்ப’ன்னு சொன்னாளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் அறையை விட்டுப் போவதில்லை. இப்போது கட்டையை ஊன்றித் தெருமுனை வரை போகிறார்.

பணிமனையைச் செப்டம்பரில் மூடிவிட்டார்கள். குடியிருப்பையும் காலி செய்யச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் படி இல்லாத வீடாகப் பார்த்து வந்திருக்கிறோம்.

ஆணையத்தின் அறிக்கை வந்துவிட்டது. நீயும் பார்த்திருப்பாய். போதிய எச்சரிக்கை தரப்பட்டது என்று முடித்திருக்கிறார்கள். டாக்டர் சீட்டுகளைப் பற்றி, ‘ஓடும்போது உடல் திரும்பியிருக்கக்கூடும்’ என்று இருக்கிறது. உன்னைப் பற்றி ஒரே வாக்கியம். ‘பாதிக்கப்பட்டவரின் நெருங்கிய உறவினர் என்பதால் இச்சாட்சியைச் சார்பற்றதாகக் கருத இயலவில்லை.’ நான் அந்தப் பக்கத்தை மூடவே இல்லை, மேஜைமேல் அப்படியே கிடக்கிறது.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்காக. இறந்தவர்களில் ஒரு இளைஞன், பெயின்ட் பிரிவில் இருந்தவன். சின்ன வயதிலிருந்தே திக்கித் திக்கிப் பேசுவானாம். நேற்று அவன் அம்மா வீட்டுக்கு வந்தார். நீ சொன்னதைப் பத்திரிகையில் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றுகொண்டே, “உன் தங்கச்சி அந்த டேப்பக் கேட்டவதானே? அதுல என் பையன் பேசுனானான்னு கேட்டு எழுதும்மா. அவன் பேச்சு தனியாத் தெரியும். ‘இந்தா வருது’ன்னு சொன்னது அவனா?” என்றார். அவனோடது ஒரு போட்டோகூட அவரிடம் சரியாக இல்லை. குரலாவது எங்கேயாவது விழுந்திருக்கிறதா என்று கேட்கிறார்.

என்ன சொல்ல?

அக்கா


நவம்பர் 27

அன்பு அக்கா,

இருமல் போய்விட்டது. அத்தான் தெருமுனை வரை நடக்கிறார் என்ற வரியைப் பள்ளிக்கூட வராந்தாவில் நின்று நாலு தரம் படித்தேன்.

அந்த அம்மாவின் கேள்வியை ஐந்து நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதினொரு நிமிடத்தைக் கேட்டவர்களில் மற்ற இருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். டேப்பும் இல்லை. ‘ஆமாம், உங்கள் பையன்தான்’ என்று நான் சொன்னால் மறுக்க இந்த உலகத்தில் யாரும் கிடையாது. அவருக்கு அது எத்தனை வருஷத்துக்குப் போதும் என்றும் தெரிகிறது. எழுதிக்கூடப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. எனக்கு அப்படி எழுதினால் நன்றாகத்தான் வரும் போலிருக்கிறது.

கிழித்துவிட்டேன். அது அவன் இல்லை, அக்கா. ‘இந்தா வருது’ என்றது வயதான ஒருவர், கரகரத்த குரல். திக்கிப் பேசுகிற குரல் அந்தப் பதினொரு நிமிடத்தில் எங்கேயும் இல்லை. அவன் பேசவில்லை, அல்லது தள்ளி நின்றிருந்தான்.

இதை நீ அவரிடம் சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்கிறேன். டேப்பில் வேறு என்ன இருந்தது என்று அவர் கேட்டால், தட்டுக் கழுவிய சத்தத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். மற்ற நான்கு வீட்டார் வந்தாலும் சொல்கிறேன். அவர்கள் என்னைத் திட்ட வந்தால் அதற்கும் இருக்கிறேன்.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நீ டியூட்டியை மாற்றிக்கொள்ள வேண்டாம், அத்தானும் ஸ்டேஷனுக்கு வந்து சிரமப்பட வேண்டாம். புது வீட்டுக்கு வழி கேட்டுக் கேட்டு நடந்தே வந்துவிடுவேன். வாயைத் திறந்து வழி கேட்டதுமே இது யார் குரல் என்று உங்கள் ஊரில் தெரிந்துபோகும். தெரியட்டும்.

சின்னவள்